முறைப்படி சொன்ன கேதம்

இந்தப் பைய மடியில வச்சுக்கிறீங்களா தம்பி, நானும் கொஞ்சம் உக்காந்துக்கிறேன். நல்லது. சிவகங்கைதான? நானும் அங்கதான், எஸ்பி ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கணும். கார் இருக்கு. மகன் பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். இல்லாட்டி நம்ம எங்க பஸ்ஸுல ஏற.

போனப் பாருங்க, பாருங்க, நான் ஒன்னும் சொல்லல. ஒலகமே அதுக்குள்ளதான இருக்கு. எங்கய்யா செத்ததும் அதுக்குள்ளதான் இருக்கு. வெளையாட்டுக்குச் சொல்லல தம்பி, எங்கப்பாரு செத்து இன்னிக்குப் பதினாலு நாளாச்சு, இந்த மொட்டத் தலை அதுக்குத்தான். அவரு சாவ ஒரு பொம்பளப் புள்ள யூட்யூப்ல போட்டு ஊர் ஊரா ஓட விட்டிருக்கு. நாளன்னைக்குப் பதினாறாம் நாள் விசேசம். அதுக்குள்ள அந்த வீடியோவ அழிச்சாகணும். இல்லைன்னா பந்தல்ல அம்புட்டுச் சொந்தக்காரய்ங்க முன்னாடியும் உருமா இல்லாம ஒக்காரணும் நான். அதான் மனு எழுதிக்கிட்டுப் போறேன். நாலு பக்கம். வக்கீல் குமாஸ்தா எழுதுனது, எனக்கே பாதி புரியல, அவ்வளவு நல்லா எழுதிருக்கான்.

உருமான்னா தெரியாதோ? அப்பன் செத்துப் பதினாறாம் நாளு, தாய்மாமன் வந்து மூத்த மகன் தலையில புதுத்துணியக் கட்டுவாரு. இனிமே இந்த வீட்டுக்கு இவந்தான் பெரியவன்னு அர்த்தம். கட்டலைன்னா என்ன ஆகும்னு கேக்குறீங்களா? ஒன்னும் ஆகாது. சோறு எறங்கும், தூக்கம் வரும். ஆனா ஒடுவங்குளத்துல தனுஷ்கோடின்னா ஒரு பேரு இருக்குல்ல? சொசைட்டித் தலைவரா ரெண்டு தடவ இருந்தவன். மதுரையில ஹாலோ பிளாக் கம்பெனி வச்சிருக்கேன், ரிங் ரோட்டுல போர்டே இருக்கு. அந்தத் தலைக்கு ஒரு முழத் துணி இல்லன்னா நல்லாவா இருக்கும்.

சரி, மொதல்லருந்து சொல்றேன். எங்க தெருவுல ஒரு சாவு விழுந்துச்சுன்னா, கீழத்தெருவுலருந்து ஒரு ஆளு கெளம்பி சொந்தக்காரய்ங்க இருக்கிற ஊருக்கெல்லாம் போயிச் சொல்லணும். கேதம் சொல்றதும்பாய்ங்க. கீழத்தெருன்னா அவிங்க தெரு. புரிஞ்சிருக்கும், நீங்க படிச்ச புள்ள. இதுக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு, காத்தமுத்து குடும்பம். அவன், அவங்கப்பன், அவனுக்கு அப்பன், மூணு தலமொறையா அவிங்கதான். எங்களுக்கு இருபத்தேழு ஊருல சொந்தம். இருபத்தேழு ஊருக்கும் நடந்தே போவாய்ங்க. எவ்வளவு பெரிய உரிமைய நாங்க கொடுத்து வச்சிருந்தோம்னு நெனச்சுப் பாருங்க. எங்க வீட்டுச் சாவ எங்களுக்கு முந்தி அவிங்கதான் வாயத் தொறந்து சொல்லணும். வேற யாரு கொடுப்பா?

அதுக்கு ஒரு முறை இருக்கு. போயி தெரு முக்குல நின்னு, துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, இன்னாரு செத்துட்டாருன்னு சொல்லணும். பொம்பளைங்க அழுது முடிச்சதும் பெரியாளுக வந்து கேப்பாய்ங்க. என்ன சீக்கு? யாரு பாத்தா? கடைசிப் பால் யாரு ஊத்துனா? என்ன சொல்லிட்டுப் போனாரு? நாலும் கேப்பாய்ங்க, நாலுக்கும் பதில் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. கேதம் சொல்றவன் பொய் சொன்னா அவன் வம்சத்துக்கு ஆகாதும்பாய்ங்க. அவன் சொல்றத வச்சுத்தான் சொந்தக்காரய்ங்க வர்றதும் வராததும். காத்தமுத்து என்னைய விட எட்டு வயசு மூத்தவன். பாவம் நல்லவன், நான் "காத்தா"ன்னு கூப்பிட்டா இன்னிக்கும் "சொல்லுங்க சின்னய்யா"ன்னு ஓடி வருவான்.

நான் வித்தியாசம் பாக்குறவன் இல்ல தம்பி. எங்க வீட்டுல அவிங்களுக்குன்னே தனியா எவர்சில்வர் டம்ளர் வாங்கி வச்சிருக்கோம். எங்க தாத்தா காலத்துல கொட்டாங்குச்சி. நாங்க எவ்வளவு தூரம் மாறி வந்திருக்கோம்னு யாராச்சும் ஒரு வீடியோ போடுறாய்ங்களா? போட மாட்டாய்ங்க.

இந்தக் காத்தமுத்துக்கு ஒரு மக. ஜான்சிராணி. பேரப் பாருங்க. பி.காம். படிச்சுச்சு. படிச்சா வேலைக்குப் போகணும், இது சேனல் ஆரம்பிச்சிருச்சு. "கீழத்தெரு நியூஸ்." டெல்லி நியூஸ், சென்னை நியூஸ், கீழத்தெரு நியூஸ். நாங்கல்லாம் டீக்கடையில விழுந்து விழுந்து சிரிச்சோம். அம்பத்தாறு வீடு இருக்கிற தெருவுல என்னத்த நியூஸ் வரும்? ஆடு குட்டி போட்டுச்சு, சட்டி ஒடஞ்சுச்சு.

மொத நியூஸு என்ன தெரியுமா? அவிங்க தெரு டேங்குல ஆறு மாசமாத் தண்ணி ஏறலையாம். காலிக் கொடத்த வரிசையா அடுக்கி வச்சு, இது யாரு வீட்டுக் கொடம், எத்தன நாளாக் காலின்னு ஒவ்வொன்னாச் சொல்லிக்கிட்டே போகுது. நாப்பத்தி மூணு கொடம். கொடத்துக்கெல்லாம் பேட்டி எடுத்த ஒரே சேனல் அதுதான். பத்தாம் நாளு பிடிஓ ஜீப்பு வந்து நிக்குது. நான் சொசைட்டித் தலைவரா பத்து வருசம் இருந்தேன், ஒரு பிடிஓ என் வாசல மிதிச்சதில்ல. கொடத்துக்கு வர்றாரு. என்ன மரியாத பாருங்க.

அதுக்கு முந்தி அவிங்க பேசலையா, நாங்க கேக்கலையா? ஏதாச்சும் கொறன்னா எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாய்ங்க. நானும் சாப்ட்டு, கை கழுவி, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு வந்து கேப்பேன். எவ்வளவு நேரமானாலும் நிப்பாய்ங்க. அப்படி ஒரு பாசம் இருந்துச்சு. இப்ப அந்தப் பாசமே போச்சு, எல்லாம் நேரா ஒலகத்துக்கிட்ட சொல்லிர்றாய்ங்க.

எங்கய்யாவுக்கு வருவோம். சோணைமுத்து. எம்பத்தி நாலு வயசு. ஒத்தையாத்தான் இருந்தாரு. ஒத்தைன்னா தனிமைன்னு நெனச்சுக்கிறாதீங்க. அவருக்கு டவுன் ஒத்துக்காது. ஊருல நான் புது வீடு கட்டிருக்கேன், கீழ பூராவும் கிரானைட்டு. எங்கய்யா வெத்தல போடுவாரு, எச்சி துப்புவாரு, வயசானவரு வழுக்கி விழுந்துறக் கூடாதேன்னு வீட்டப் பூட்டிச் சாவிய எங்கிட்டயே வச்சுக்கிட்டேன். அவரு வயக்காட்டு மோட்டார் ரூம்ல இருந்தாரு. நல்ல காத்து. கட்டில் போட்டுக் கொடுத்தேன், பல்பு போட்டுக் கொடுத்தேன். பேச்சுத் தொணைக்கு மோட்டாரு. மதுரையில இந்தக் காத்துக்கு ஜனம் ஏங்குது தம்பி.

மாசமாசம் போயிருவேன். கொஞ்ச நாளாப் போக முடியல. தை மாசம் போனேன். ஆமா, இது ஆவணி. கம்பெனியில லோடு வேல, ஒருத்தன நம்பி விட்டுட்டு வர முடியுதா?

ஒரு நாள் காலையில ஆறு மணிக்கு போன். காத்தமுத்து பொண்டாட்டி பஞ்சவர்ணம். பெரியய்யா போயிட்டாருன்னு சொல்லுது. என் நம்பர் இதுக்கு எப்படிக் கெடச்சுதுங்கிறதே எனக்கு மொத யோசன. அப்புறந்தான் அழுதேன். பத்து மணிக்கெல்லாம் ஊருல இருந்தேன். ஐயாவ குளிப்பாட்டி, வேட்டி மாத்தி, தாடையக் கட்டி வச்சிருந்துச்சு. யாரு பண்ணாங்கன்னு நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லுவாய்ங்க, அப்புறம் அது வேற.

பெரிய எடுப்பா எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். இருபத்தேழு ஊரும் வரணும், மேளம் ரெண்டு செட்டு, வெடி மதுரையிலருந்து. உயிரோட இருக்கும்போது ஆயிரம் இருக்கும், செத்தப்புறம் மகன் எப்படி எடுத்தான்னுதான பேசுவாய்ங்க. எங்க சொந்தக்காரய்ங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்கு, எம்பத்தாறு பேரு. ஐயா போட்டோவ மாலையோட போட்டேன். அஞ்சு நிமிசத்துல அறுபது கும்பிடு வந்துருச்சு. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், ஒருத்தன் மாத்தி பிறந்தநாள் வாழ்த்து போட்டுட்டு அழிச்சான். மணி பன்னெண்டாச்சு, பந்தல்ல நானும் பந்தக்காரனும் மட்டும் இருக்கோம். கும்பிடுதான் வந்துச்சே ஒழிய ஆளு வரல.

பனையங்குடியிலருந்து எங்க மாமன் போன் பண்ணாரு. எங்காத்தா கூடப் பொறந்தவரு. இவரு கோடித்துணி கொண்டாந்து போர்த்தாம பொணத்த எடுக்க முடியாது, உருமா கட்டுறதும் இவருதான். எனக்கும் அவருக்கும் ஒரு வரப்புத் தகராறுல ஒம்பது வருசமாப் பேச்சு இல்ல. குரூப்புல வர்றதெல்லாம் ஒரு கேதமாடான்னு கேட்டாரு. ஆளு வந்து சொல்லல, கேக்க வேண்டியத கேக்கல, நான் எப்படிக் கோடி எடுத்துட்டு வர்றதுன்னுட்டாரு. இவரு வரலைன்னா மத்த ஊரும் வராது. முறைன்னா முறைதான், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். முறைய விட்டுட்டா அப்புறம் நம்ம யாரு?

நேராக் கீழத்தெருவுக்குப் போனேன். உள்ள போகல, முக்குல நின்னு ஆளு விட்டுக் காத்தமுத்தக் கூப்பிட்டேன். அம்பத்தெட்டு வருசத்துல அந்த முக்கத் தாண்டி நான் கால் வச்சதில்ல, அன்னிக்கு மட்டும் எதுக்கு வைக்க? அவிங்க தெருவுலயும் அன்னிக்கு ஒரு சாவு. வீராயின்னு ஒரு கெழவி. அழுக சத்தம் கேட்டுச்சு. அத விட்டுட்டு வர்றதுக்கு அவனுக்கு மனசில்ல. முட்டி ரெண்டும் போச்சு சின்னய்யா, நாலு வருசமா நான் கேதம் சொல்றதயே விட்டுட்டேன்னான். எனக்கு வயித்தெரிச்சல் தம்பி. மூணு தலமொறை ஒறவு இது, எங்கய்யா சாவுக்கு முட்டி வலிங்கிறியேன்னு கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

அப்பத்தான் அந்தப் புள்ள வந்துச்சு. ஜான்சிராணி. செருப்பு போட்டுக்கிட்டு.

"நான் சொல்றேன் சார்"ன்னுச்சு. சாரு. ஐயான்னு வாயில வராது. "இருபத்தேழு ஊருக்கும் ஒரே நேரத்துல சொல்லிரலாம். லைவ் போடுறேன். அவங்க கேக்குறதையும் அதுலயே கேக்கட்டும்."

மாமனுக்குப் போன் போட்டேன். காத்தமுத்து குடும்பந்தான சொல்லுது, வாயால சொல்லுதுல்ல, கேட்டா பதில் வரும்ல, அப்ப அது கேதந்தான்னு ஒத்துக்கிட்டாரு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். நான் யாரு, பழைய முறையவும் விடல, புது டெக்னிக்கையும் விடல. அந்தப் புள்ளகிட்ட கறாராச் சொல்லிட்டேன். ஏனோதானோன்னு சொல்லக் கூடாது, முறைப்படி சொல்லணும், உங்கப்பன் தெரு முக்குல நின்னா எப்படிச் சொல்லுவானோ அப்படி ஒன்னு விடாமச் சொல்லணும்னேன்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு சார்"ன்னுச்சு.

"ஒன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா"ன்னு கேட்டேன். நானே கேட்டேன் தம்பி, இந்த வாயால.

லிங்க்கு அனுப்புச்சு. அத நானே குரூப்புல போட்டேன். குரூப்புல இல்லாதவய்ங்களுக்குத் தனித்தனியா அனுப்புனேன். சம்பந்தி வீட்டுக்கு அனுப்புனேன், கட்சிக்காரய்ங்களுக்கு அனுப்புனேன், கம்பெனிக்குச் சிமெண்டு போடுற ஏஜென்டுக்கு அனுப்புனேன். எல்லாரும் பாருங்க, மூணு மணிக்கு ஐயாவோட கேதம் முறைப்படி சொல்றாங்கன்னு கீழ எழுதியும் போட்டேன். முன்னூறு பேரு பாத்துக்கிட்டிருந்த சேனலுக்கு ஆளு சேத்து விட்டது யாருங்கிறீங்க? தூத்தேறி.

மூணு மணிக்கு வந்துச்சு. காத்தமுத்து பக்கத்துல இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறான், அந்தப் புள்ள பேசுது. ஒடுவங்குளத்துல இன்னிக்கு ரெண்டு கேதம்னுச்சு. ரெண்டாம். மொத கேதம் எங்கய்யா இல்ல, வீராயி. ஏன்னா கெழவி நாலரை மணிக்குப் போயிருச்சு, எங்கய்யா அஞ்சே காலுக்குத்தான் போனாரு. முக்கா மணி நேரத்துல முந்திட்டா. வீராயி, வயசு எம்பத்தி ஒன்னு, நாலு புள்ள, ஆறு பேரப்புள்ள, ஊரணி வெட்டுனப்ப மண்ணு சொமந்தவங்க, நாப்பது வருசம் கீழத்தெரு மேலத்தெரு ரெண்டுலயும் பிரசவம் பாத்தவங்கன்னு வாசிக்குது. நானும் அந்தக் கெழவி கையிலதான் பொறந்தேனாம், எங்கய்யா சொல்லுவாரு. அதெல்லாம் இப்ப எதுக்கு?

அப்புறம் எங்கய்யா. சோணைமுத்து, வயசு எம்பத்தி நாலு. அவ்வளவுதான். பேருக்குப் பின்னால பட்டம் கெடையாது, பெரிய வீட்டுக்காரருன்னு ஒரு வார்த்த கெடையாது. வீராயி, சோணைமுத்து. ரேஷன் கார்டுல படிக்கிற மாதிரி படிக்குது. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.

கீழ கேள்வி வர ஆரம்பிச்சுச்சு. எங்க ஆளுகதான, முறை தெரிஞ்சவய்ங்கல்ல, தெரு முக்குல கேக்குறத அப்படியே டைப் பண்றாய்ங்க. என்ன சீக்கு? காய்ச்சல், அப்புறம் மூச்சுத் தெணறல், பதினோரு நாளு படுக்கைன்னுச்சு. எங்க படுக்கைன்னு ஒரு கூறுகெட்டவன் கேட்டான். மோட்டார் ரூம்ல. யாரு பாத்தா? எங்கம்மா பஞ்சவர்ணம். மகன் வரலையா? தை மாசம் வந்தாரு. போன் பண்ணீங்களா? ஒம்பது தடவ பண்ணோம், எடுக்கல. தெரியாத நம்பர எவன் தம்பி எடுப்பான், லோன் வேணுமான்னு கேப்பாய்ங்க. கடைசிப் பால் யாரு ஊத்துனா? எங்கம்மா. என்ன சொல்லிட்டுப் போனாரு?

அதுக்கு அந்தப் புள்ள பதில் சொல்லல. அவரே சொல்றாருன்னு ஒரு பொத்தான அமுக்குச்சு.

எங்கய்யா கொரலு.

"நான் சோணைமுத்து பேசுறேன். பத்து நாளா பஞ்சவர்ணம் கையாலதான் கஞ்சி குடிக்கிறேன். அவ வீட்டுத் தண்ணிதான் குடிக்கிறேன். எனக்குக் கேதம் சொல்லும்போது இத விட்டுறாதீங்க. எங்காளுக மறச்சிருவாய்ங்க. தனுசு வந்தான்னா, மோட்டார் ரூம் கூரையில ஓட்ட இருக்கு, மழைக்கு முந்தி மாத்தச் சொல்லுங்க. மோட்டாரு நனைஞ்சிரும்."

அம்புட்டுத்தான். சாகும்போதும் மோட்டாரப் பத்திதான் கவல, அப்படி ஒரு உழைப்பாளி. என் மேல ஒரு கொற சொல்லல, கவனிச்சீங்களா? ஆனா கேட்டவய்ங்க அப்படியா எடுத்துக்கிட்டாய்ங்க? கேதம் முடியறதுக்குள்ள எழுத ஆரம்பிச்சுட்டாய்ங்க. கீழத்தெருத் தண்ணியக் குடிச்சாரான்னு பாதிப் பேரு, மகனெல்லாம் ஒரு மகனான்னு பாதிப் பேரு. என் மகன் பெங்களூர்லருந்து ஒரு சிவப்பு ஹார்ட்டு போட்டிருக்கான். தாத்தன் செத்ததுக்கா அப்பன் மாட்டுனதுக்கான்னு கேக்கணும். கேப்பம்னா அவனும் போன எடுக்க மாட்டேங்கிறான். வேல இருக்குமில்ல.

ஆனா தம்பி, அஞ்சு மணிக்குள்ள இருபத்தேழு ஊரும் வந்துருச்சு. அப்படி ஒரு கூட்டத்த எங்க தெரு பாத்ததில்ல. எனக்காக வரல, வேடிக்க பாக்க வந்தாய்ங்க. மாமன் கோடி வேட்டியோட வந்தாரு. நேரா வந்து போர்த்துவாருன்னு நான் வெலகி நிக்கிறேன். மனுசன் நின்னு பந்தலச் சுத்திப் பாக்குறாரு. கடைசிப் பால் ஊத்துன தாயி யாருன்னு கேட்டாரு. பஞ்சவர்ணம் பந்தலுக்கு வெளிய, தெருவோரத்துல நிக்குது. அதக் கையப் புடிக்காத கொறையா உள்ள கூட்டிட்டு வந்து, கோடிய அது கையில கொடுத்து, "நீ போடு தாயி"ன்னாரு.

எங்க வீட்டு வாசல்ல. எங்க பந்தல்ல. மொதக் கோடி.

எங்க மாமன் ஒன்னும் பெரிய சமத்துவம் பேசுற ஆளு இல்ல. பனையங்குடியில அவரு டீக்கடை பெஞ்சில யாரு ஒக்காரலாம், யாரு ஒக்காரக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வரப்பு மேல இருக்கிற காந்தல எம்மேல தீத்துக்கிட்டாரு. ஆனா ஒருத்தனாச்சும் வாயத் தொறந்தானா? எங்க தெருவுல மீச வச்சவன் முன்னூறு பேரு இருக்கான். கீழத்தெருப் புள்ளைக பூராவும் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குதுக, மோந்து பாக்குற தூரத்துல. எவன் பேசுவான், அடுத்த நியூஸு அவன்தான. எல்லாப் பயலும் கையக் கட்டிக்கிட்டு நின்னாய்ங்க. பஞ்சவர்ணம் கோடியப் போட்டுட்டு, ஐயா காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்த வழியாப் போயிருச்சு. ஒரு வார்த்த பேசல. எனக்கு அதுதான் இன்னும் ஆத்தரம்.

காரியம் முடிஞ்சு மாமங்கிட்ட உருமா பத்திக் கேட்டேன். கட்டுறேன், அதுக்கு முந்தி நீ அந்தப் புள்ள சேனல்லயே போயி ஒக்காந்து, பஞ்சவர்ணந்தான் எங்கய்யாவப் பாத்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வான்னுட்டாரு. நான் போயி கீழத்தெருவுல ஒக்காந்து நியூஸு வாசிக்கணுமாம்.

அதான் அத அழிச்சிரலாம்னு முடிவு பண்ணேன். வீடியோவே இல்லைன்னா கேதமே சொல்லலைன்னு ஆயிரும், மாமன் எதப் புடிச்சுத் தொங்குவாரு? திரும்ப அந்த முக்குக்குப் போனேன். தன்மையாத்தான் சொன்னேன், நான் கோவக்காரன் இல்ல. அழிச்சிரு, நடந்தது நடந்துருச்சுன்னேன். அந்தப் புள்ள கேக்குது: "சொன்ன கேதத்தத் திருப்பி வாங்குறதுக்கு முறை இருக்கா சார்? எங்கப்பாகிட்ட கேளுங்க, இருந்தா அழிச்சிர்றேன்." காத்தமுத்து அப்பவும் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நிக்கிறான். ஆனா இல்லைங்கிற மாதிரி அந்தத் தலைய ஆட்டுனான் தம்பி. அம்பத்தெட்டு வருசத்துல எங்க வீட்டாளுக முன்னாடி அவன் தலைய அப்படி ஆட்டி நான் பாத்ததில்ல.

அப்புறம் அது இன்னொன்னு சொல்லுச்சு. பதினோரு நாளும் எங்கம்மா கஞ்சி கொடுக்கையில பெரியவரு என் போன வாங்கிப் பேசிக்கிட்டே இருப்பாரு, எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கேன், மொத்தம் ரெண்டு மணி நேரம் வரும். வேணும்னா வீட்டுக்கு வாங்க சார், ஒக்காந்து கேளுங்கன்னுச்சு. வீட்டுக்கு. என்ன கொழுப்பு பாருங்க. போன்ல அனுப்புன்னேன். அனுப்ப மாட்டாளாம், சும்மா போற வழியில கேக்குற சங்கதி இல்லையாம் அது. வந்தா டீ போட்டுத் தர்றாளாம்.

நான் போவனா? நேரா லோக்கல் ஸ்டேசனுக்குப் போனேன். ரைட்டரு எழுத ஆரம்பிச்சாரு. அவதூறா, ஆமா. பொய்யான தகவல் பரப்பியிருக்கா, ஆமா. சரி, இதுல எது பொய்னு சொல்லுங்கன்னு பேனாவத் தூக்கிக்கிட்டு என்னப் பாக்குறாரு. பட்டத்த விட்டுட்டாய்யான்னேன். அது பொய் இல்லையே, வேறன்னாரு. பதினோரு நாளு பொய்யா? இல்ல. மோட்டார் ரூமு? இல்ல. ஒம்பது போனு? அத நானே எண்ணிப் பாத்துட்டேன், ஒம்பதுதான். எல்லாம் நெசமா இருந்தா நான் என்னய்யா எழுத முடியும்ங்கிறாரு. எல்லாம் நெசமா இருக்கிறதுதான்யா பிரச்சனன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சின்ன ஆபீஸ்ல போயி இதப் பேசுனா இப்படித்தான், அதான் பெரிய ஆபீஸுக்குப் போறேன்.

இந்தா, இதுதான். பாருங்க. நாப்பத்தோராயிரம் பேரு பாத்திருக்காய்ங்க. அதுல ஒரு நூறு தடவ நாந்தான் இருப்பேன். மனுவுல எழுதணுமில்ல, அதுக்காகப் பாத்தேன். வேற எதுக்கு? கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்த போட்டோ தவிர எங்கய்யா சம்பந்தமா எங்கிட்ட ஒன்னும் இல்ல. போன்ல பேசுவோம், பேசிட்டு வச்சிருவோம், அத யாரு புடிச்சு வச்சா? அவரு கொரலுன்னு இப்ப இருக்கிறது இதுல இருக்கிற அரை நிமிசந்தான். இதுல என்ன கஷ்டம்னா, எனக்கு எங்கய்யா பேசுற எடத்துக்கு நேராப் போகத் தெரியல. மொதல்லருந்து ஓட விடணும். அந்தப் புள்ள பேசும், வீராயி வரும், ஊரணி வரும், பிரசவம் வரும், பஞ்சவர்ணம் வரும், எல்லாத்தையும் கேட்டாத்தான் எங்கய்யா வருவாரு. அந்தக் கெழவிக்கு எத்தன பேரப்புள்ளன்னு எனக்கு இப்ப மனப்பாடம். அவ மகனுக்கே தெரியுமோ என்னமோ.

ரெண்டு மணி நேரம் பேசிருக்காராம் தம்பி. எங்கிட்ட எங்கய்யா சேந்தாப்புல ரெண்டு நிமிசம் பேசுனதில்ல. என்னத்தப் பேசிருப்பாரு? மோட்டாரப் பத்தி ரெண்டு மணி நேரமா பேச முடியும்?

நீங்க கம்ப்யூட்டர் பாக்குறவரு மாதிரி இருக்கீங்க, ஒன்னு கேக்குறேன். எஸ்பி ஆபீஸ்ல அழிக்கச் சொல்லி ஆர்டர் போட்டா, இத மட்டும் அழிப்பாய்ங்களா, இல்ல அந்தப் புள்ள போன வாங்கி, உள்ள இருக்கிறத பூராவும் அழிச்சிருவாய்ங்களா? தெரியாதா? குமாஸ்தாவும் தெரியாதுங்கிறான். மனுவுல "முற்றிலுமாக" அழிக்கணும்னு எழுதிருக்கான், மடப்பய. ஒரு வார்த்த கேட்டுட்டு எழுத வேணாமா?

எஸ்பி ஆபீஸா? யாரு, நானா? இருங்க கண்டக்டரே, ஒரு நிமிசம். போங்க போங்க, பஸ் ஸ்டாண்டுலயே எறங்கித் திரும்ப நடந்து வந்துக்கிறேன். கிட்டத்தான், அஞ்சு நிமிச நட. மத்தியானம் வரைக்கும் ஆபீஸ் தொறந்துதான இருக்கும்.

சத்தம் போதுமா உங்களுக்கு? கேளுங்க, வீராயி வரைக்கும் வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல எங்கய்யா வந்துருவாரு. என்னது, வெரல வச்சு இழுத்தா நேரா அங்க போயிருமா? வேணாம் தம்பி. கைய எடுங்க. கை வைக்காதீங்கங்கிறேன்ல. தெரியாம எதையாச்சும் அமுக்கி அழிஞ்சு போச்சுன்னா நான் எங்க போவேன்? அந்தப் புள்ள பேசட்டும். மொதல்லருந்தே ஓடட்டும்.